மலையும் மழையும் மாற்று வழியும்

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் நீரோடும் நதியையும் குறிக்கும். மக்கள் நடந்துசெல்லும் வழியையும் குறிக்கும். ஒரு சொல் பல பொருள் தருவதற்கு உதாரணமாக இதனைப் பல ஆண்டுகளாக வகுப்பறையில் எடுத்துக்காட்டி வந்திருக்கிறேன். மாணவரும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். பரீட்சையில் திருப்பி எழுதுவர். அவ்வளவுடன் அந்தப் பாடம் முடிந்துவிடும். ஆனால், இவ்விரு பொருளும் பிரித்தறிய இயலாதவாறு ஒன்றாகிவிடும் இடமும் உண்டு என்பதை நான் நிகண்டிலே கற்கவில்லை. 2008ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், கண்டி நகருக்குத் தெற்கேயுள்ள ஹந்தானை மலைச்சாரலில், பதினொரு மாணவர் பின்னே நிற்கக் கற்றேன். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, நாங்கள் நடந்துவந்த ஆறே நீரோடும் ஆறாகி, எங்கள் கணுக்காலைச் சுற்றிப் பாய்ந்தது.

அன்று காலையில் வானம் கழுவி வைத்தாற்போலத் தெளிந்திருந்தது. ஹந்தானையிலிருந்து தேயிலைத் தோட்டங்களின் ஊடே நடந்து கலஹாவை அடைவது, அங்கிருந்து பஸ் ஏறிக் கண்டிக்குத் திரும்புவது, இதுவே எங்கள் திட்டம். குறிஞ்சித் திணையை நான்கு சுவர்களுக்குள் கற்பிப்பதைவிட மலையிலேயே கற்பித்தால் என்ன என்ற ஆசை என்னை அங்கு இட்டுச் சென்றது. கட்டுச்சோறு இருந்தது, பாட்டு இருந்தது, இளமையின் உற்சாகம் வேண்டிய மட்டும் இருந்தது. மழை வந்தால் எவ்வழியே செல்வது என்னும் ஒரு கேள்விக்கு மட்டும் விடை இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வியையே நான் எழுப்பியிருக்கவில்லை.

நண்பகலுக்குப் பின் மேகம் மலைமுடியை மூடியது. இடி முழங்கியது. அரைமணி நேரத்தில் எதிரே நிற்பவன் முகம் தெரியாத அளவுக்கு மழை கொட்டியது. எங்கள் வழியின் குறுக்கே ஓர் ஓடை. வறண்ட நாளில் செருப்பு நனையாமலே தாண்டத்தக்க ஓடை அது. அப்பால் அரை மைல் நடந்தால் பஸ் வரும் வீதி. ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் அரை மைல்தானே’ என்று என் மனம் சொல்லிற்று. மலையில் மனிதன் கேட்கும் குரல்களுள் இதனினும் கொடியது வேறில்லை. நான் முன்னே இறங்கினேன். மாணவர் பின்னே இறங்கினர். மூன்றாவதாக வந்தவனுடைய கால் வழுக்கிற்று. என் கை அவனுடைய பையின் வாரிலே பட்டது. அந்த வார் அறாதிருந்தமையால்தான் இன்று இந்தக் கட்டுரையை அமைதியாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நடுங்கியவாறு கரையேறி நின்றபோது, மேலேயிருந்த தேயிலை மலையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. இடுப்பிலே படங்குச் சாக்கும் முதுகிலே கொழுந்துக் கூடையுமாக ஓர் அம்மையார் இறங்கி வந்தார்.

“ஐயா, அதில எறங்காதீங்க. தண்ணி செவந்திருச்சு. செவந்த தண்ணியில கால வைக்கப்படாது.”

“வேறு வழி இருக்கிறதா, அம்மா?”

“மேல ஏறினா ஸ்டோர் ரோட்டு. சுத்துதான் ஐயா. ஆனா, போய்ச் சேரலாம்.”

ஏறினோம். இரண்டு மணி நேரம் கூடுதலாக நடந்தோம். பன்னிரண்டு பேரும் போய்ச் சேர்ந்தோம். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பண்டிதப் பட்டம் பெற்ற எனக்குத் தெரியாத ‘ஆறு’ என்னும் சொல்லின் முழுப்பொருள், பள்ளிக்கூடத்தை அதிகம் கண்டிராத அந்த அம்மையாருக்குத் தெரிந்திருந்தது. ‘சுத்துதான்; ஆனா, போய்ச் சேரலாம்.’ நெடுவழி மலைநடைக்கு இதைவிடச் சிறந்த இலக்கணச் சூத்திரம் ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. அந்தச் சூத்திரத்துக்கு உரை எழுதும் முயற்சியே இக்கட்டுரை.

பழந்தமிழர் வகுத்த வழிநூல்

அந்நிகழ்ச்சிக்குப் பின் மலைபடுகடாத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். பத்துப்பாட்டின் இறுதியில் நிற்பதும், இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னன்மீது பாடியதுமான அப்பாட்டு 583 அடிகளைக் கொண்டது. கூத்தராற்றுப்படை என்பது அதன் மறுபெயர். பரிசில் பெற்று வரும் கூத்தன், பரிசில் பெறச் செல்லும் கூத்தனுக்கு வழி சொல்லுகிறான். இதை நான் பலமுறை கற்பித்திருந்தேன். எனினும் உவமையையும் அணியையும் தேடிப் படித்தேனேயன்றி, வழிநூலாகப் படித்தேனில்லை.

வழிநூலாகப் படித்துப் பாருங்கள். எத்துணை நுணுக்கமான எச்சரிக்கைகள்! பன்றிக்குப் பொறி வைத்திருக்கும் இடம் இது. ஆதலால் விடிந்தபின் செல்லுங்கள் என்கிறான். தினைப்புனக் காவலரின் கவண்கல் வரும் இடம் இது; மரத்தின் மறைவில் ஒதுங்கிச் செல்லுங்கள் என்கிறான். பாசி படிந்து வழுக்கும் இடத்தில் எதைப் பற்றிக்கொண்டு நடப்பது, பொழுது சாய்ந்தால் எங்கே தங்குவது என்றெல்லாம் சொல்லுகிறான். வழி பிரியும் இடத்தில் புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள், பின்னே வரும் புதியவர் வழி தவறாதிருப்பர் என்றும் சொல்லுகிறான். இன்று உலகெங்கும் நடைவழிகளில் நடப்படும் அடையாளக் கம்பங்களுக்கு அந்தப் புல்முடிச்சே மூத்தது என்று கொண்டால் தவறாகாது.

சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையிலும் இத்தகைய காட்சி ஒன்று உண்டு. மதுரைக்குச் செல்லும் வழியைக் கேட்ட கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் ஒரு வழியைச் சொல்லி நிறுத்தவில்லை. வலப்பக்க வழி, இடப்பக்க வழி, நடுவழி என மூன்றையும் சொல்லி, ஒவ்வொன்றிலும் காணத்தக்கவற்றையும் அஞ்சத்தக்கவற்றையும் விளக்குகிறான். கோடை வெம்மையைக் கண்ணகியால் தாங்க முடியாது என்றுணர்ந்தபோது, அவர்கள் நிலவொளியில் இரவிலே நடக்கத் துணிகின்றனர். வானிலைக்கேற்பப் பயணத்தை மாற்றிக்கொள்ளுதல் கோழைத்தனமன்று, அறிவுடைமை. திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தது அரசனுக்காக மட்டுமோ? மழைநாளில் மலையேறுபவனுக்கும் அவை மூன்றும் வேண்டும்.

வழி அறுந்த படை

மாற்று வழி இல்லாதார்க்கு நேர்வது என்ன என்பதைக் கண்டியின் வரலாறே ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறது. 1803ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றி, முத்துசாமி என்பவரை அரசராக்கி, மேஜர் டேவியின் தலைமையில் ஒரு படையை அங்கு நிறுத்திச் சென்றனர். நோயினால் நலிந்த அப்படை ஜூன் மாதத்தில் கண்டியரிடம் சரணடைந்து, திருகோணமலையை நோக்கிப் புறப்பட்டது. நகரிலிருந்து சிறிது தூரத்திலுள்ள வட்டாபுலுவையில் மகாவலி கங்கை குறுக்கிட்டது. தென்மேற்குப் பருவமழைக் காலம்; கங்கை பெருகி ஓடியது. கடக்க ஓடமில்லை, தெப்பம் கட்டும் முயற்சியும் பலிக்கவில்லை. அவர்களுக்கு ஓர் ஆறு இருந்தது. மற்றோர் ஆறு அதை அறுத்துவிட்டது. கரையிலே காத்திருந்த அந்த நாட்களில் முத்துசாமி கையளிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார், படையினரும் கொல்லப்பட்டனர். மேஜர் டேவி சிறைப்பட்டவராகவே கண்டி நாட்டில் உயிர் நீத்தார்.

அப்போரின் நியாய அநியாயங்கள் இங்கு நமக்குப் பொருளல்ல. மழைக்காலத்து மலைநாட்டில் ஒரே ஒரு துறையை நம்பிப் புறப்பட்டவர் கதி இது என்பதே பொருள்.

அரசியலையும் போரையும் விட்டுச் சாதாரண மக்களைப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த நம் மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடையாக வந்தனர். அவர்கள் வரும் நாளைக் கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் நிர்ணயித்தது; வானிலை நிர்ணயிக்கவில்லை. வழியைக் கங்காணி நிர்ணயித்தார், நடப்பவர் நிர்ணயிக்கவில்லை. நோயாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். மாற்று வழி என்பது ஒரு சுதந்திரம் என்பதை அந்தக் கதையைப் படிக்கும்போது உணர்கிறோம். அந்தச் சுதந்திரம் வாய்த்திருந்தும் அதனைப் பயன்படுத்தாதவனை என்னென்பது? அன்று ஓடையில் இறங்கிய நான் அத்தகையவனே.

கண்டி மலைகளின் மழை

இன்று நெடுவழி நடை நம் நாட்டில் புதிய உருவம் பெற்றிருக்கிறது. தேயிலையைச் சுமந்துசெல்லப் பயன்பட்ட பழைய தோட்டப் பாதைகளை இணைத்து, ‘பீக்கோ’ என்னும் பெயரால் ஒரு நடைவழி வகுக்கப்பட்டிருக்கிறது. ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் அவ்வழி 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்டது; 22 பகுதிகளை உடையது. முதற்பகுதி ஹந்தானையிலிருந்து கலஹாவுக்குச் செல்வது. நான் பிழை செய்த அதே பக்கம். அதனை அடுத்த பகுதி, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைக்குச் செல்வது. கல்லூரி மாணவரும் பல்கலைக்கழக மாணவரும் விடுமுறை நாட்களில் இவ்வழிகளில் நடப்பதைக் காண்கிறேன். மகிழ்ச்சியாக இருக்கிறது, அச்சமாகவும் இருக்கிறது.

அச்சத்துக்குக் காரணம் நம் மழையின் இயல்பு. கண்டிக்கு ஒரு மழைக்காலம் மட்டும் அன்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. இவற்றுக்கு இடையில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடைப்பருவம். இடைப்பருவ மழை காலையில் சிரித்துப் பிற்பகலில் சீறும் குணமுடையது. வெயிலால் சூடேறிய காற்று மேலெழுந்து முகிலாகி, நண்பகலுக்குப் பின் இடிமின்னலுடன் கொட்டும். அன்று காலை வானத்தின் தெளிவைக் கண்டு நான் ஏமாந்தது இதனாலேயே.

இதிலிருந்து முதல் விதி பிறக்கிறது: இடைப்பருவ மாதங்களில் காலையிலேயே புறப்பட்டு, நண்பகலுக்குள் மலைமுகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ மூன்று வினாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், இடிமழை பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது. அப்போது முகட்டிலும் தனிமரத்தின் அடியிலும் நிற்பது ஆகாது.

கண்டிக்கு வடகிழக்கே, மடக்கிய கைவிரல் முட்டிகள் போலத் தோன்றும் நக்கிள்ஸ் மலைத்தொடர் வேறொரு பாடத்தைத் தருகிறது. தும்பறை மலை என்று ஊரார் வழங்கும் அத்தொடர், மத்திய மலைநாட்டின் பகுதியாக 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. இரு பருவக்காற்றுகளுக்கும் குறுக்கே அது மதில்போல் நிற்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ரங்கலைப் பக்கம் மழையில் நனைந்திருக்க, கிழக்கே மீமுரேப் பக்கம் உலர்ந்த காற்று வீசும். அங்கு மழைநாள் மாற்று வழி என்பது சில வேளை மலையின் மறுபக்கமேயாகும். இதனை முன்னிரவில் எண்ணிப் பார்த்தவனுக்கே பயன்படுத்த முடியும். நடுமலையில் நனைந்துகொண்டு எண்ணுபவனுக்கு முடியாது.

தாழ்வழி எப்போதும் தஞ்சமாகாது

மேனாட்டார் இக்கலையில் நமக்கு முன்னே சென்றிருக்கின்றனர். இங்கிலாந்தின் மேற்குக் கடற்கரையிலிருந்து கிழக்குக் கடற்கரைக்குக் குறுக்கே செல்லும் ஒரு நெடுவழியை அல்பிரட் வெயின்ரைட் 1973இல் நூலாக வெளியிட்டார். அவ்வழியில் ஒரு மலைப்பகுதிக்கு மூன்று நிறங்களில் மூன்று பாதைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டின் எந்த மாதத்தில் எந்த நிறப் பாதை என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டது. சேற்றுநிலம் மிதிபட்டு அழியாதிருக்கவும், குளிர்காலத்தில் நடப்பவர் மலையுச்சியைத் தவிர்க்கவும் செய்த ஏற்பாடு அது. வேறோர் இடத்தில் மேல்வழி வேண்டாதார்க்கு ஆற்றோரமாகச் செல்லும் தாழ்வழி உண்டு. மேலே காற்றும் பனியும், கீழே பாதுகாப்பு. அவர்கள் நாட்டுக்கு அது பெரும்பாலும் பொருந்தும்.

நம் நாட்டுக்கு அதை அப்படியே பெயர்த்து எழுதினால் உயிருக்கு ஆபத்து. நம் மலைகளில் முகட்டிலே மின்னலும் மூடுபனியும் உண்டு. பள்ளத்திலோ வெள்ளமும் மண்சரிவும் உண்டு. சரியும் மண் ஓடைப் பள்ளங்களைத் தேடியே இறங்கும். ஆகையால் ‘மழை வந்தால் கீழே இறங்கு’ என்பது நமக்குப் பொதுவிதியாகாது. அன்று அந்த அம்மையார் எங்களைக் கீழே போகச் சொல்லவில்லை. மேலே ஏறச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள்.

மண்சரிவு ஏன் நிகழ்கிறது? மழைநீர் மண்ணின் இடைவெளிகளில் நிறைந்து, மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர். 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஓர் ஏக்கர் சரிவில் 6 இலட்சம் லீற்றருக்கும் அதிகமான நீர் விழுகிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாயிருத்தல். 100ஐக் கடந்தால் வெளியேற ஆயத்தமாதல். 150ஐக் கடந்தாலோ, ஒரு மணி நேரத்தில் 75ஐக் கடந்தாலோ வெளியேறுதல். மழை நின்றவுடன் ஆபத்து நின்றுவிட்டது என்று எண்ணுதலும் தவறு. உள்ளே இறங்கிய நீர் தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். நிலத்தில் புதிதாய்த் தோன்றும் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று, இல்லாத இடத்தில் பீறிடும் நீர், இவை மலை பேசும் மொழி. அம்மொழியை அறியாதவன் எத்தனை மொழி கற்றும் என்ன?

முன்னிரவிலே எழுதும் தாள்

அந்த ஒக்டோபருக்குப் பின் ஒரு வழக்கத்தை மேற்கொண்டேன். மாணவருடன் மலைக்குச் செல்லும் நாளின் முன்னிரவில் ஒரு தாளை எடுத்து நடுவே கோடு இடுவேன். இடப்பக்கம் நல்ல வானிலைக்குரிய வழி. வலப்பக்கம் மழைக்குரிய வழி. வலப்பக்கம் நிரம்பாவிட்டால் அந்தப் பயணம் இல்லை.

வலப்பக்கத்தில் மூவகை வழிகள் இருக்கும். முதலாவது சுற்று வழி: வேறு பாதையால் அதே ஊரை அடைவது. ஹந்தானையிலிருந்து கலஹாவுக்கு முகட்டு வழியே போக எண்ணினோமானால், தோட்டத்து வண்டிப்பாதைகள் எவை, அவற்றிலிருந்து பேராதனை - கலஹா வீதிக்கு இறங்கும் இடங்கள் எவை என்று குறித்துக்கொள்ளுதல். இரண்டாவது திரும்பு வழி: எந்த இடத்திலிருந்து, எந்த மணிக்குள், வந்த வழியே திரும்புவது என்று குறித்தல். மூன்றாவது தங்கு வழி. இது நடவாத வழி, ஆயினும் வழியே. அருகேயுள்ள பள்ளிக்கூடம், கோயில், தேயிலைத் தொழிற்சாலை, இவற்றுள் எது உறுதியான நிலத்தில் இருக்கிறது, அங்கு ஓரிரவு தங்க இயலுமா என்று அறிந்திருத்தல். மலைபடுகடாத்துக் கூத்தன் பொழுது சாய்ந்தால் குகையிலே தங்குமாறு சொன்னது இந்த மூன்றாவது வழியையே.

ஒவ்வொரு பிரிவிடத்துக்கும் நேராக நான்கு வினாக்களுக்கு விடை எழுதுவேன். எங்கே பிரிவது? எத்தனை மணிக்குப் பிரிவது? எந்த அடையாளம் கண்டால் பிரிவது? பிரிந்ததை யாருக்கு அறிவிப்பது? மூன்றாம் வினாவுக்கு ‘மழை கடுமையானால்’ என்று விடை எழுதுவது பயனற்றது. கடுமை எது என்பதில் நனைந்த பன்னிருவர் ஒருபோதும் உடன்பட மாட்டார்கள். ‘காலை பத்து மணிக்கு முகடு தெரியாவிட்டால்’, ‘இடி கேட்டால்’, ‘ஓடை நீர் சிவந்திருந்தால்’ என்றுதான் எழுத வேண்டும். கண்ணால் காண்பதும் காதால் கேட்பதுமே அடையாளம், கருத்து அடையாளமாகாது.

நேரக் கணக்குக்கு வில்லியம் நேஸ்மித் என்னும் ஸ்கொட்லாந்தியர் 1892இல் சொன்ன முறை உதவும். ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணி. அதனுடன் 600 மீற்றர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி. 12 கிலோமீற்றர் தூரமும் 600 மீற்றர் ஏற்றமும் உள்ள வழிக்கு 3 மணி 24 நிமிடம் ஆகும். இது திடமான ஒருவர் உலர்ந்த வழியில் நடக்கும் கணக்கு. மாணவருடன் மழையில் நடப்பதற்கு நான் ஒன்றரை மடங்கு வைப்பேன். ஐந்து மணிக்குச் சற்று அதிகமாகும். சுற்று வழிக்குத் தனிக் கணக்கு. இருட்டுமுன் அந்தக் கணக்கு முடியாது என்றால், பிரியும் மணியை முன்னே தள்ளுவேன். இத்தாளின் ஒரு பிரதியை வீட்டிலும், ஒரு பிரதியைப் பள்ளியிலும் வைத்துவிட்டே புறப்படுவோம்.

இதனை ஏன் முன்னிரவிலே எழுத வேண்டும்? மலைமேல் நின்று எழுதினால் ஆகாதா? ஆகாது. உலர்ந்த ஆடையுடன் நாற்காலியில் இருப்பவனும், நனைந்து நடுங்கி இலக்குக்கு அரை மைல் தூரத்தில் நிற்பவனும் ஒரே மனிதன் அல்லர். முன்னவனுக்கு அறிவு இருக்கிறது. பின்னவனுக்கு ஆசை இருக்கிறது. முன்னவன் எழுதிய கட்டளைக்குப் பின்னவன் பணிந்தால் மட்டுமே அறிவு வெல்லும். மாற்று வழியை எடுப்பது தோல்வி என்ற எண்ணம் மாணவரிடையே இருந்தது. தாளிலே எழுதப்பட்ட பின்னர் அது தோல்வியாகத் தோன்றவில்லை. திட்டத்தின் மறுபக்கமாகவே தோன்றியது. மூன்று முறை நாங்கள் முகட்டைக் காணாமலே திரும்பியிருக்கிறோம். மாணவருக்கு அவை இன்றும் நினைவில் நிற்கும் நடைகள்.

யாரைக் கேட்பது?

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இக்கட்டுரையின் பொருளை முற்றிலும் வேறாக்கிவிட்டது. நாடெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. வீதிகள் அறுந்தன, மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களில் சிதைந்தது. அதற்கு முன் அச்சிட்ட எந்த வரைபடத்தையும் இன்று அப்படியே நம்பி நடத்தல் தகாது. தாளில் வழி இருக்கும், மலையில் இராது. ஆகவே என் தாளின் இறுதியில் ஐந்தாவது வினா ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்: அங்கு வாழ்பவரைக் கேட்டாயிற்றா?

அவ்வினாவுடன் சென்ற விடுமுறையில் அந்தப் பக்கம் சென்றேன். ஓடையைத் தாண்டிய பழைய பாதையின் மேல் செம்மண் மேடிட்டுக் கிடந்தது. எங்களைக் காப்பாற்றிய அம்மையாரை லயத்திலே தேடினேன். லயத்தின் பின்சுவருக்கு அப்பால் நிலம் பிளந்திருந்ததால், அவ்வரிசையில் இருந்தோர் புயல் நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்திற்கு அனுப்பப்பட்டுப் பின்னர் திரும்பி வந்திருந்தனர். வயது முதிர்ந்துவிட்டார், என்னை அவருக்கு நினைவில்லை. சிவந்த தண்ணீரை நினைவூட்டினேன், சிரித்தார். மாணவருக்காக எழுதும் தாளைப் பற்றியும் சொன்னேன். பொறுமையுடன் கேட்டார்.

“நல்லதுங்க ஐயா. புள்ளைங்க பத்திரமா வந்துட்டுப் போகட்டும். அடுத்த மழைக்கு நாங்க எந்த ரோட்டால போறது?”

எனக்கு விடை தெரியவில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த இடம் அபாயமானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போகும் இடம் இருக்கவில்லை. மாற்று வழி என்பது நடப்பவனுக்கு ஒரு தாளில் அடங்கும். வாழ்பவனுக்கு அது உறுதியான நிலத்தில் ஒரு வீடு. அதற்கு உரிமை சொல்லும் ஓர் உறுதிப்பத்திரம். முன்னதை நாம் ஓரிரவில் எழுதிவிடலாம். பின்னதை எழுத வேண்டியவர் வேறு. அவரும் உலர்ந்த நாளிலேயே எழுத வேண்டும்.

மலைக்குப் போகும் மாணவ அன்பர்களே, போங்கள். ஹந்தானையின் புல்வெளியும் லூல்கந்துரையின் தேயிலையும் தும்பறையின் முகிலும் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. முன்னிரவில் தாளின் இரு பக்கத்தையும் எழுதுங்கள். பிரியும் மணி வந்ததும் பிரியுங்கள். சிவந்த நீரில் கால் வையாதீர்கள். வழியில் எதிர்ப்படும் கொழுந்துக்கூடை அம்மையாரிடம் வழி கேட்கும்போது, அவருடைய வழியைப் பற்றியும் ஒரு சொல் கேளுங்கள். அவர் சொல்லும் விடையைக் கீழே கொண்டுவந்து, கேட்கத்தக்கவர் காதில் சேர்ப்பியுங்கள்.